எந்தப் பக்கம் விழுந்தே?

என் கணவர் ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருடைய அக்கா உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எந்தப் பக்கம் விழுந்தே?"

வலிக்கிறதா என்று கேட்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்றும் கேட்கவில்லை. இவர் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டர் சைக்கிளில் போகும்போது, எல்லைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், மழையில் வழுக்கி விழுந்திருந்தார். இடது முட்டி பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்த அக்காவை நான் அண்ணி என்பேன்; அவர் யோங் பெங்கிலிருந்து நேராக வந்திருந்தார். தொழிற்சாலை சப்பாத்தைக்கூட மாற்றவில்லை. கழுத்தில் வேலை பாஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

"பின்னாலக்கா," என்று முனகினார் இவர். "கால் மோட்டருக்கு அடியில மாட்டிக்கிச்சு."

"மல்லாக்க விழுந்தியா, உக்காந்த மாதிரி விழுந்தியா?"

"உக்காந்த மாதிரி."

"கால் அங்கேயே நிக்க, உடம்பு மட்டும் திரும்பிச்சா? உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

இவர் பதில் சொல்லத் திணறியதும் அண்ணி போர்வையை விலக்கி, அடிபடாத வலது காலைத் தூக்கி மடக்கி மெதுவாகத் திருப்பினார். "இப்படியா? இல்ல, இப்படியா?" இவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து அண்ணி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அழுகைய நிறுத்துடா. அழுதா மறந்துடும்."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விட்டேன். "மனுஷியா நீங்க?" என்று கத்தினேன். வராந்தாவில் இருந்த தாதியர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி கோபப்படவில்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா," என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

அவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

என் கல்யாணத்தன்றே இந்தக் கேள்வி என் காதில் விழுந்துவிட்டது. எங்கள் ஊர் தங்காக். அங்கே கோவில் படியில் மாலையும் கழுத்துமாக இறங்கும்போது பட்டுப்புடவை விளிம்பு காலில் சிக்கி விழுந்தேன். நாலு பக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். கீழே ரெண்டு படி தள்ளி நின்றிருந்த அண்ணி மட்டும் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார், மீன் வாங்க வந்தவர் மீனைப் பார்ப்பது போல. பிறகு என் பக்கத்தில் குனிந்து, "வலது கால்தானே முதல்ல போச்சு? கை ஊனலையே, ஏன்?" என்றார். எங்கள் அம்மா அன்றைக்கே என்னிடம் சொன்னார்: "அந்த நாத்தனார்கிட்ட ஜாக்கிரதையா இரு."

அண்ணிக்கு வேலையே விழுவதுதான். யோங் பெங்கிற்கு வெளியே, செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு தொழிற்சாலை இருந்தது. ஐரோப்பாவில் உள்ள ஒரு கம்பெனிக்கு அங்கே பனிச்சறுக்கு பூட்ஸ் செய்து கொடுத்தார்கள். சீவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்கைத் தவிர வேறு பனி தெரியாத ஊரில் பனிச்சறுக்கு பூட்ஸ். அதை வடிவமைக்கும் பிரிவில் அண்ணி இருந்தார். அந்தக் கம்பெனி ஒரே ஒரு முறை அவரைத் தன் ஊருக்குக் கூட்டிப்போய்ப் பனியைக் காட்டியிருந்தது. திரும்பி வந்தவரிடம் பனி எப்படி இருந்தது என்று எல்லாரும் ஆசையாகக் கேட்டோம். "ஒரு பொண்ணு விழுந்தா. தூக்குப் படுக்கையில கொண்டு போனாங்க," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

யோங் பெங்கில் மாமியார் வீட்டில் சாப்பிடும்போதும் கைப்பேசியில் ஆட்கள் விழுகிற வீடியோதான் பார்ப்பார். இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே ஒருவன் மலைச்சரிவில் உருளுவதை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்ப்பார். அதில் ஒரு பெண் அலறுவாள். அண்ணி அந்த அலறலைக்கூட நிறுத்த மாட்டார். அலறலுக்கு முன்னால் வரும் சின்னச் சத்தத்தை, காலைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு திறந்ததா இல்லையா என்பதை, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். என் மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார்.

அந்த மாமியாரே ஒரு முறை, நாங்கள் போயிருந்தபோது, குளியலறையில் விழுந்தார். சத்தம் கேட்டு முதலில் ஓடியது அண்ணிதான். நான் போய்ப் பார்த்தபோது, பெற்ற தாய் தரையில் கிடக்க, அண்ணி குந்தி உட்கார்ந்து தாயின் சிலிப்பரைத் திருப்பித் தேய்மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்குடி பாவி!" என்று மாமியார் கத்தினார். "உன்னைப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லப் பெத்திருக்கலாம்!"

"அசையாதம்மா. எலும்பு ஒடைஞ்சிருக்கான்னு பாக்கணும். மொத குதிகால் வழுக்கிச்சா, நுனி வழுக்கிச்சா?"

மறுநாள் தரையில் சொரசொரப்பான பட்டையும் சுவரில் பிடிக்கக் கம்பியும் வைத்துவிட்டார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. அம்மாவை ஒரு தடவை மடியில் போட்டுத் தடவிக் கொடுத்திருந்தால் கம்பியே வேண்டாம் என்று இருந்திருப்போம்.

இவருக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்தும் மோட்டர் ஓட்ட முடியவில்லை. சிங்கப்பூர் வேலை போயிற்று. ஜோகூர் பாருவில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு யோங் பெங்கில் மாமியார் வீட்டுக்கு வந்தோம். அண்ணியும் அதே வீட்டில்தான் இருந்தார். யாராவது ஒருவர் சம்பாதித்தாக வேண்டும். எனக்குத் தெரிந்தது தையல். அண்ணியின் தொழிற்சாலையில், பூட்ஸுக்குள் வைக்கும் மெத்தென்ற உறையைத் தைக்கும் பிரிவில் ஆள் எடுத்தார்கள். நான் கேட்கவில்லை. அண்ணியே பேசி முடித்துவிட்டு, "திங்கக்கிழமையிலேர்ந்து வா," என்றார்.

யாரை ஆஸ்பத்திரியில் வெளியே தள்ளினேனோ அவருடைய காரில் தினமும் வேலைக்குப் போனேன். போகும்போதும் வரும்போதும் பேச மாட்டோம். ரேடியோ பேசும்.

வேலைக்குப் போன பிறகுதான் அந்தப் பூட்ஸை முழுதாகப் பார்த்தேன். கல் மாதிரி கனம். முழங்காலுக்குக் கீழே வரை பிளாஸ்டிக் சுவர். அதைப் போட்டுக்கொண்டு நீளப் பலகையின் மேல் ஏறினால், பலகையில் இருக்கும் பூட்டு பூட்ஸின் நுனியையும் குதிகாலையும் கவ்விக்கொள்ளும். விழுந்தால் பூட்டு திறந்து காலை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் அவ்வளவு நீளப் பலகையும் காலோடு சேர்ந்து திரும்பும். ஆளுடைய முட்டி தாங்காது. முன்னால் விழுந்தாலும், பக்கவாட்டில் திரும்பினாலும் பூட்டு திறந்துவிடும். உட்காருவது போலப் பின்னால் சாய்ந்து விழுந்தால்தான் சிக்கல். ஆள் விழுகிறான் என்பது பூட்டுக்குத் தெரியாது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அண்ணி பல வருஷமாக இந்த ஒன்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பூட்ஸின் பின்சுவர் ஓர் அளவுக்கு மேல் அழுந்தினால், குதிகாலில் ஒரு தகடு நகர்ந்து பூட்டின் பிடியிலிருந்து பூட்ஸ் தானாக நழுவ வேண்டும். அப்படி ஒரு மாதிரி செய்து வைத்திருந்தார். குளிரில் பிளாஸ்டிக் இறுகும் என்பதால் அதைக் குளிர்ப்பெட்டியில் ஊறப்போட்டு, ஓர் இரும்புக் காலில் மாட்டி இழுத்து இழுத்துப் பார்ப்பார். இரும்புக் காலில் அது திறந்தது. அண்ணிக்குத் திருப்தி இல்லை.

"இரும்பு பயப்படாது. மனுஷன் விழும்போது பயந்து காலை வெறைச்சுக்குவான். அப்ப தெறக்குமா?" என்று டெக்னீஷியனிடம் கேட்டுக்கொண்டிருந்ததை ஒரு நாள் கேட்டேன். அவர் எங்களை விட வயதில் மூத்த மலாய்க்காரர். எல்லாரும் அபாங், அண்ணன், என்போம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து, காரில் ஏறலாம் என்று காத்திருந்தேன். அண்ணி வரவில்லை. தேடிக்கொண்டு சோதனை அறைக்குப் போனேன். உள்ளே இரும்பு மேடையில் ஒரு பலகை முடுக்கப்பட்டிருந்தது. அதன் மேல் அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அண்ணியே நின்றார். இடுப்பில் ஒரு பெல்ட். அதிலிருந்து ஒரு கயிறு பின்பக்கமாகப் போய்க் கப்பியில் ஏறி இறங்கியது. பின்னால் மெத்தை. அபாங் கயிற்றைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தா போலே லா, காக்," என்றார். முடியாதம்மா என்று அர்த்தம். "உன் முட்டி போச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அண்ணி என்னைப் பார்த்தார்.

"நீ இழு."

"நான் மாட்டேன்."

"அவரு ஏற்கெனவே ஒரு தடவ இழுத்தாரு. பாதியில பிடிய விட்டுட்டாரு. பாவம் பாக்குறாரு. இங்க எல்லாருமே பாவம் பாப்பாங்க. நீ பாக்க மாட்டே."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கத்தி கூராக இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.  என் வெறுப்பைக்கூட இந்தப் பெண் ஒரு சாமானாக எடுத்து உபயோகிக்கப் பார்க்கிறாளே என்று இருந்தது.

"உங்களுக்கு அடிபட்டா?" என்றேன்.

"பட்டா தெறக்கலன்னு அர்த்தம். இழு."

"அண்ணி, ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு உங்க தம்பிகிட்ட வலிக்குதான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே சொன்னார். "கேட்டா வலிக்குதும்பான். அதுக்கப்புறம் நான் என்ன செய்யறது? சேந்து அழணும். எப்படி விழுந்தான்னு கேட்டா, செய்யறதுக்கு ஏதாச்சும் இருக்கும். அதுவும் உடனே கேக்கணும். ஒரு ராத்திரி போனா, விழுந்தத கதையா மாத்திடுவாங்க."

"சேந்து அழறதுல என்ன தப்பு?"

"எனக்கு வராது," என்றார். "இழு."

கயிற்றைப் பிடித்தேன். வீங்கிய முட்டியும், தூக்கித் திருப்பிய வலது காலும், அழுதா மறந்துடும் என்ற குரலும் கண் முன்னே வந்தன. என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். கோபத்தோடுதான் இழுத்தேன். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

டக்கென்று ஒரு சத்தம். பலகை மேடையிலேயே நிற்க, அண்ணி பூட்ஸோடு பின்னால் பறந்து மெத்தையில் விழுந்தார். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தார். "அலமாக்!" என்று அபாங் ஓடினார். நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். முட்டியை மடக்கினார், நீட்டினார். "வெறைச்சுக்கிட்டுதான் விழுந்தேன். தெறந்துடுச்சு," என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.  

அடுத்த மாதம் ஐரோப்பியக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் புதுப் பூட்ஸைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் லொடலொடவென்று இருப்பது போலத் தோன்றுகிறது, வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காது என்றார். எங்கள் மேனேஜர் உடனே தலையை ஆட்டினார். பின்சுவரில் ரெண்டு ரிவெட் ஆணி அடித்துவிட்டால் இறுகிவிடும் என்றார். ரிவெட் அடித்தால் தகடு நகராது. தகடு நகராவிட்டால் அது இன்னொரு சாதாரணப் பூட்ஸ்தான்.

அண்ணி வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. உடனே எழுந்துபோய் பெரிய திரையில் ஒரு வீடியோவைப் போட்டார். அன்றைக்குச் சோதனை அறையில் மூலையில் ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. அண்ணி விழுகிறார். பூட்டு திறக்கிறது. கயிற்றை இழுக்கும் ரெண்டு கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. கண்ணாடி வளையல்கள் குலுங்குகின்றன. தொழிற்சாலையில் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு தைக்கிறவள் நான் ஒருத்திதான்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையை ஊருக்கே காட்டிவிட்டார்.

விருந்தாளிகள் போனதும் மேனேஜர் விசாரணை வைத்தார். அனுமதி இல்லாமல் மனித உடம்பில் சோதனை. விசாரணைக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "உங்க கணவருக்கு உடம்பு சரியில்லன்னு தெரியும். அந்த அம்மா மேலதிகாரி, வீட்டிலயும் பெரியவங்க. கட்டாயப்படுத்தி இழுக்க வெச்சாங்கன்னு சொல்லுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது," என்றார்.

வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னேன்.  இவர் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்," என்றார். அக்காவைக் காப்பாற்று என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு எதிராகச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை காரில் அண்ணியும் நானும் வழக்கம் போலப் பேசாமலே போனோம். என்ன சொல்லப்போகிறாய் என்று அவர் கேட்கவே இல்லை.

விசாரணை அறையில் மேனேஜர், மனிதவளப் பிரிவுப் பெண், இன்னொருவர். அண்ணி ஓரமாக உட்கார்ந்திருந்தார். மேனேஜர் மலாயில் கேட்டார்: "இவங்க உங்களக் கட்டாயப்படுத்தினாங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் வேலையும் போயிருக்காது, என் மனசும் ஆறியிருக்கும். ஆனால் அந்த இழுப்பு என்னுடையது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் எனக்கென்று செய்த ஒரே காரியம் அது. அதையும் அண்ணி செய்யச் சொல்லிச் செய்ததாக எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"இல்ல. நானாத்தான் இழுத்தேன்," என்றேன்.

"ஏன்?"

"எனக்கு அவங்களப் பிடிக்காது."

 மனிதவளப் பிரிவுப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"பிடிக்காதவ முழு பலத்தோட இழுத்தும் அவங்க முட்டிக்கு ஒண்ணும் ஆகல. நீங்க ரிவெட் அடிச்சதுக்கப்புறம் அதே பூட்ஸ நீங்க போட்டுக்குங்க. நானே வந்து இழுக்குறேன்."

அந்த நேரம் ஓரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்ணி சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. விக்கல் மாதிரி இருந்தது, அழகாக இல்லை.

ரெண்டு பேருக்கும் வேலை போயிற்று. பாஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. காரில் ஏறியதும் அண்ணி உடனே கிளப்பவில்லை.

"உங்களுக்காகச் சொல்லல," என்றேன்.

"தெரியும்."

"என் கையக் காட்டுறதுக்கு முன்னாடி என்னக் கேட்டிருக்கணும்."

வைப்பர் நாலைந்து தரம் போய் வந்தது. "கேட்டிருக்கணும்," என்றார்.

மன்னிப்பு என்று நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இப்படிச் செய்திருக்க வேண்டும் என்று அவர் ஒப்புக்கொண்டதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பூட்ஸ் ரிவெட்டோடுதான் கப்பல் ஏறியது. அதைப் போட்டுக்கொண்டு யார் யார் எப்படி விழுந்தார்களோ, எங்களுக்குத் தெரியாது. வந்திருந்த விருந்தாளிகளில் ஒரு பெண் அந்த வீடியோவை மறக்கவில்லை. பிறகு அவள் வேறொரு சின்னக் கம்பெனியில் சேர்ந்ததும் அண்ணியைத் தேடிப்பிடித்து அழைத்தாள். அண்ணி ஐரோப்பாவுக்கே போய்விட்டார். நான் மாமியார் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்க ஆரம்பித்தேன். பக்கத்து ஊர் பாலோவிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். இவர் இப்போது டோல் பக்கத்தில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கிறார். மழை நாளில் கொஞ்சம் நொண்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவரும் அக்காவும் போனில் பேசுவார்கள். என்னை அவர் விசாரிப்பதில்லை. நானும் பக்கத்தில் போவதில்லை. போன வருஷம் ஒரு ஞாயிறு, இவர் முகமெல்லாம் சிரிப்பாகச் சமையலறைக்கு வந்து, நான் வேண்டாம் என்பதற்குள் போனை என் காதில் வைத்துவிட்டார்.

"பூட்ஸு கடைக்கு வந்துடுச்சு," என்றார் அண்ணி. "பின்னால தெறக்குது."

"சரி."

"ரிவெட் இல்ல."

"சரி அண்ணி."

பேச்சு அதோடு தீர்ந்துவிட்டது. அவர் மூச்சு விடுவது கேட்டது. அவருக்குப் பின்னால் காற்று ஊளையிட்டது. அங்கே குளிரா என்று கேட்கலாம், சாப்பிட்டீர்களா என்று கேட்கலாம், எல்லாரும் கேட்பதுதான். எனக்கு வரவில்லை. அவருக்கு எப்போதுமே வந்ததில்லை. நானும் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து தீ அணைந்த பிறகுதான் போனை இவரிடம் கொடுத்தேன்.